பத்து மீட்டரில் ஊமையாகும் பெட்டி

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் சிக்னலை உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போன் பிடித்துவிடுகிறது. அந்தப் போனை எந்தக் கம்பெனி செய்தது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினீர்கள் என்று செயற்கைக்கோள் பார்ப்பதில்லை. ஆனால் பத்து மீட்டர் தூரத்தில், ஒரு மரப்பொந்துக்குள் இருந்தபடி வயர்லெஸ் மூலம் செய்தி அனுப்பும் ஒரு சின்னக் கருவியை அதே போனால் கேட்க முடியாமல் போகலாம். அதனோடு பேசுவதற்குத் தகுதியுள்ள கருவி உங்களிடம் இருந்தால்தான் அந்தச் செய்தி உங்களுக்குக் கிடைக்கும். இல்லையென்றால் உங்களைப் பொறுத்தவரை அது ஊமைதான்.

ஜியோகேச்சிங் என்ற விளையாட்டில் பலருக்கும் வரும் பிரச்சினை இது. விளையாட்டுதானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். கம்ப்யூட்டர், போன், வயர்லெஸ் மவுஸ் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்கு வாங்கத் தொடங்கியிருப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இந்தப் பிரச்சினைக்குள் இருக்கிறது. வயர்லெஸ் கருவி ஒன்றை வாங்கும்போது நாம் எதை வாங்குகிறோம், எதை இழக்கிறோம் என்பதுதான் அது.

ஜியோகேச்சிங் என்றால் என்ன?

ஒருவர் ஒரு சிறிய டப்பாவை எங்காவது ஒளித்து வைக்கிறார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இன்டர்நெட்டில் வெளியிடுகிறார். மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியை வைத்துக்கொண்டு தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். டப்பாவுக்குள் ஒரு சிறு நோட்டு இருக்கும். அதில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். இந்த டப்பாவுக்குத்தான் கேச் என்று பெயர். நம் ஊரில் இந்த விளையாட்டு அவ்வளவாகப் பரவவில்லை. அமெரிக்கா, கனடா, ஜெர்மனி போன்ற நாடுகளில் குடும்பத்தோடு போய்த் தேடுகிறார்கள். அங்கே இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் பேரன் பேத்திகளோடு காட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தேடி அலைய நேர்ந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இந்த விளையாட்டு பிறந்த கதையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கப்பட்டது. பொதுமக்களுக்குக் கிடைத்த சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பினார்கள். செலக்டிவ் அவெய்லபிலிட்டி என்று அதற்குப் பெயர். அதனால் சாதாரண ஜிபிஎஸ் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தள்ளிப்போகும். அப்போது அமெரிக்க அதிபராக இருந்த கிளிண்டன் 2000-ம் ஆண்டு மே 1-ம் தேதி இரவு முதல் இந்தக் கலப்படத்தை நிறுத்தச் செய்தார். மறுநாளே உலகெங்கும் இருந்த ஜிபிஎஸ் கருவிகள் பல மடங்கு துல்லியமாகிவிட்டன. புதிதாக எதையும் வாங்காமல், எதையும் இன்ஸ்டால் செய்யாமல் இது நடந்தது.

மே 3-ம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டு ஒளித்து வைத்தார். அந்த இடத்தின் எண்களை இன்டர்நெட்டில் ஒரு செய்திக்குழுவில் எழுதினார். சில நாட்களுக்குள் ஆட்கள் தேடி வந்து கண்டுபிடித்துவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் இதற்கென ஜியோகேச்சிங் டாட் காம் தொடங்கப்பட்டபோது அதில் இருந்தவை 75 கேச்சுகள். இன்று உலகம் முழுவதும் 30 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன.

அதாவது, ஒரு சிக்னலுக்குப் போட்டிருந்த பூட்டைத் திறந்ததால் பிறந்த விளையாட்டு இது. இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதியைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேச்சுக்குள் ஒரு டிரான்ஸ்மிட்டர்

சில கேச்சுகளை நேராகப் போய் எடுத்துவிட முடியாது. முதல் இடத்துக்குப் போனால் இரண்டாவது இடத்துக்கான எண்கள் கிடைக்கும். அங்கே போனால் மூன்றாவது இடம். இதை மல்டி கேச் என்பார்கள். வழக்கமாக அடுத்த இடத்தின் எண்களைத் தகட்டில் பொறித்தோ, காகிதத்தில் எழுதியோ வைப்பார்கள்.

2010 அக்டோபரில் ஜிபிஎஸ் கருவிகள் தயாரிக்கும் கார்மின் நிறுவனம் சிர்ப் என்ற ஒரு சின்னக் கருவியை வெளியிட்டது. விலை 23 டாலருக்குச் சற்றுக் குறைவு. உள்ளே கம்ப்யூட்டர் மதர்போர்டில் பார்த்திருப்பீர்களே, அதே சிஆர்2032 பட்டன் பேட்டரி. மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. ஒரு பேட்டரி ஓர் ஆண்டு வரை தாங்கும் என்றார்கள். கேச்சை வைப்பவர் தன் ஜிபிஎஸ் கருவியிலிருந்து அடுத்த இடத்தின் எண்களையும் ஒரு சிறு குறிப்பையும் சிர்ப்புக்குள் ஏற்றி மறைத்து வைத்துவிடுவார். தேடி வருபவர் சுமார் 10 மீட்டருக்குள் வந்ததும் அவருடைய கருவியில் செய்தி தோன்றும். எத்தனை பேர் வந்துபோனார்கள் என்ற கணக்கையும் சிர்ப் வைத்துக்கொள்ளும்.

நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் வருபவரின் கையில் கார்மின் தயாரிப்பிலேயே சில குறிப்பிட்ட மாடல்கள் இருந்தால்தான் செய்தி தெரியும். ஒரே கம்பெனி கருவியாக இருந்தால் மட்டும் போதாது. 2011-ல் வந்த இட்ரெக்ஸ் வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். இட்ரெக்ஸ் 30 மாடலுக்கு இந்த வசதி உண்டு. இட்ரெக்ஸ் 10, 20 மாடல்களுக்குக் கிடையாது. மற்றக் கம்பெனிகளின் ஜிபிஎஸ் கருவி வைத்திருந்தவர்கள் மரத்தடியில் நின்று கையைப் பிசைய வேண்டியதுதான்.

ஏன் மற்றக் கருவிகளுக்குக் கேட்பதில்லை?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இந்த இடத்தில் குழம்புவது இயற்கை. வயர்லெஸ் என்றால் காற்றில் வருவதுதானே, எந்தக் கருவியும் பிடிக்கலாமே என்று தோன்றும்.

சிர்ப் பயன்படுத்துவது ஆன்ட் என்ற வயர்லெஸ் முறை. ஆங்கிலத்தில் எறும்பு என்று பொருள் தரும் பெயர். பெயருக்கு ஏற்ப மிகக் குறைந்த மின்சாரத்தில், சின்னச் சின்ன மூட்டையாகத் தகவலைச் சுமந்து செல்லும். ஒரு மூட்டையில் 8 பைட் தகவல்தான். கனடாவின் டைனாஸ்ட்ரீம் என்ற நிறுவனம் இதை உருவாக்கியது. 2006-ல் அந்த நிறுவனத்தை கார்மின் வாங்கிவிட்டது. ஓடும்போது மார்பில் கட்டிக்கொள்ளும் இதயத்துடிப்பு அளவி, சைக்கிளில் பொருத்தும் வேகமானி ஆகியவற்றில் ஆன்ட் அதிகம் பயன்பட்டது.

ஆன்ட் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். உங்கள் வீட்டு வை-ஃபை, புளூடூத், வயர்லெஸ் மவுஸ் எல்லாம் புழங்கும் அதே தெருதான். அலையில் தகவலை ஏற்றும் முறையும் வேகமும்கூட ஆன்ட்டுக்கும், குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புளூடூத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நார்வே நாட்டின் நார்டிக் செமிகண்டக்டர் நிறுவனம் இரண்டையும் ஒரே சிப்பில் செய்து விற்றிருக்கிறது. ஆகவே இயற்பியல் இங்கே குறுக்கே நிற்கவில்லை.

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? மூட்டையைப் பிரிக்கும் முறையில் இருக்கிறது. தபால்காரர் ஒரே தெருவில்தான் நடக்கிறார். ஆனால் உறையில் எழுதியிருக்கும் எழுத்து உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் அந்தக் கடிதத்தால் என்ன பயன்? புளூடூத் சிப்புக்குள் இருக்கும் சாப்ட்வேர் புளூடூத் உறையை மட்டுமே படிக்கும். ஆன்ட் உறை வந்தால் இரைச்சல் என்று தள்ளிவிடும்.

இதோடு முடியவில்லை. ஆன்ட் முறையில் நெட்வொர்க் கீ என்று 8 பைட் நீளமுள்ள ஒரு சாவி உண்டு. பல கம்பெனிக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு ஆன்ட் பிளஸ் என்ற பொது ஏற்பாடு இருந்தது. ஜியோகேச்சிங்குக்கும் அதில் ஒரு தனிப் பிரிவு இருந்தது. அதற்கான சாவி, பதிவு செய்து ஒப்பந்தத்தை ஏற்பவர்களுக்கே கொடுக்கப்பட்டது. அதாவது கதவை முழுவதும் அடைக்கவில்லை. பாதி திறந்து வைத்துவிட்டு, வாசலில் ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள்.

ஜிபிஎஸ் இதற்கு நேர் எதிர். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னல் எப்படி அமைந்திருக்கிறது, அதை எப்படிப் பிரித்துப் படிப்பது என்பதை அமெரிக்க அரசு ஆவணமாகவே வெளியிட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் படித்து ரிசீவர் செய்யலாம். நம் இஸ்ரோவும் நாவிக் செயற்கைக்கோள்களின் பொதுச் சேவை சிக்னலுக்கு இதே போன்ற ஆவணத்தை வெளியிட்டிருக்கிறது. அதனால்தான் எந்தக் கம்பெனி போனிலும் மேப் வேலை செய்கிறது.

படகு வேண்டும் என்பது போலத்தானே?

இந்த வாதத்தை மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சில கேச்சுகள் ஏரியின் நடுவே தீவில் இருக்கின்றன. படகு இல்லாமல் போக முடியாது. சில கேச்சுகளுக்குக் கயிறு கட்டி மலை ஏற வேண்டும். சிலவற்றுக்கு நீருக்குள் மூழ்கும் கருவிகளே தேவை. படகு இல்லாதவன் அந்தக் கேச்சை விட்டுவிடுகிறான். அதுபோல சிர்ப் படிக்கும் கருவி இல்லாதவன் இதை விட்டுவிட வேண்டியதுதானே என்பது அவர்கள் கேள்வி.

இரண்டும் ஒன்றல்ல என்பது என் கருத்து. ஏரியில் எந்தப் படகும் மிதக்கும். வாடகைப் படகு, பக்கத்து வீட்டுக்காரர் படகு, நீங்களே செய்த பரிசல் எல்லாவற்றையும் ஏரி ஏற்றுக்கொள்ளும். ஒரு குறிப்பிட்ட கம்பெனிப் படகு மட்டும்தான் மிதக்கும் என்று ஏரி சொல்வதில்லை. அடுத்ததாக, படகு ஓட்டுவதும் மலை ஏறுவதும் திறமை. அந்தக் கேச்சைக் கண்டுபிடித்தவர் எதையோ செய்து காட்டியிருக்கிறார். சிர்ப்பின் செய்தி திரையில் தோன்றுவதற்கு எந்தத் திறமையும் வேண்டாம். கடையில் சரியான மாடலைக் கேட்டு வாங்கியிருந்தால் போதும்.

தேடுபவர்களில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அப்பாவின் பழைய போனை வாங்கிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். இவர்களைப் பார்த்து 'வேறு கருவி வாங்கிக்கொண்டு வா' என்று ஒரு மரப்பொந்து சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சிக்னல் எல்லோருக்கும் பொதுவானதால் தொடங்கிய விளையாட்டில் இது பொருந்தாது.

கருவி இல்லாதவர் என்ன செய்யலாம்?

கருத்து சொல்வதோடு நிறுத்தாமல், சரியான கருவி இல்லாமல் இப்படி ஒரு கேச்சைத் தேட நேர்ந்தால் என்னென்ன வழிகள் இருக்கின்றன என்பதையும் பார்த்துவிடுவோம். பணம் செலவழியாத வழிகளிலிருந்து தொடங்குகிறேன்.

1. கிளம்புவதற்கு முன் கேச்சின் பக்கத்தை முழுவதும் படியுங்கள். இந்த வகைக் கேச்சுகளுக்கு 'வயர்லெஸ் பீக்கன்' என்ற அடையாளப் படம் போடும் வசதி ஜியோகேச்சிங் டாட் காமில் இருக்கிறது. பீக்கன் என்றால் தன் இருப்பைத் தெரிவித்துக்கொண்டே இருக்கும் கருவி. அந்தப் படம் இருந்தால் கீழே உள்ள விளக்கத்தில் எந்த வகை பீக்கன், மாற்று வழி ஏதாவது உண்டா என்று பாருங்கள். பலர் படத்தைக் கவனிக்காமல் 30 மைல் கார் ஓட்டிப் போன பிறகுதான் படிக்கிறார்கள்.

2. எல்லா பீக்கனும் சிர்ப் அல்ல. சிலர் வை-ஃபை கருவியை வைத்து, அதன் நெட்வொர்க் பெயரிலேயே குறிப்பை எழுதிவிடுகிறார்கள். அப்படி இருந்தால் உங்கள் போனிலோ லேப்டாப்பிலோ வை-ஃபை பட்டியலைத் திறந்தாலே போதும். சிலர் குறைந்த சக்தியுள்ள எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வைக்கிறார்கள். அதற்குக் கார் ரேடியோ போதும். என்எஃப்சி ஒட்டுப்படம் என்றால் அந்த வசதியுள்ள போனைச் சில சென்டிமீட்டர் அருகில் கொண்டுபோனால் படித்துவிடும். புளூடூத் பீக்கன் என்றால் என்ஆர்எஃப் கனெக்ட் போன்ற இலவச ஆப் ஒன்றை டவுன்லோட் செய்து, சுற்றியுள்ள புளூடூத் சிக்னல்களைப் பார்க்கலாம்.

3. உண்மையிலேயே சிர்ப்தான் என்றால் கேச்சை வைத்தவருக்கு மெசேஜ் அனுப்பிக் கேளுங்கள். 'என்னிடம் அந்தக் கருவி இல்லை, வேறு வழியில் அடுத்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?' என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தன் கேச்சை நாலு பேர் தேடி வர வேண்டும் என்ற ஆசையில்தான் அவரும் அதை வைத்திருக்கிறார்.

4. கருவி உள்ளவரோடு சேர்ந்து போங்கள். ஒருவர் செய்தியைப் படித்தால் போதும். கடைசியில் நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போடலாம். ஆனால் கிடைத்த எண்களை இன்டர்நெட்டில் பொதுவில் எழுதிவிடாதீர்கள். வைத்தவரின் உழைப்பை அது வீணாக்கும்.

5. மேஜை டிராயரில் பழைய போன் கிடக்கிறதா என்று பாருங்கள். 2014-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 போன்ற சில ஆன்ட்ராய்டு போன்களில் ஆன்ட் வசதி இருந்தது. பின்னால் வந்த பெரும்பாலான போன்களில் அது இல்லை. ஐபோன்களில் எப்போதும் இருந்ததில்லை. வசதி இருந்தாலும் சிர்ப் படிக்கும் ஆப் இப்போதும் கிடைக்கிறதா, அந்தப் போனில் ஓடுகிறதா என்பதை வீட்டிலேயே சோதித்துவிடுங்கள்.

6. யுஎஸ்பி போர்ட்டில் செருகும் ஆன்ட் ஸ்டிக் தனியாகக் கிடைக்கிறது. வீட்டுக்குள் சைக்கிள் பயிற்சி செய்பவர்கள் கம்ப்யூட்டரில் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஓடிஜி கேபிள் மூலம் இதைச் சில ஆன்ட்ராய்டு போன்களில் இணைக்கவும் வழி இருந்தது. ஆனால் அதற்கான துணை ஆப்கள் எல்லாம் சரியாக இருந்தால்தான் வேலை செய்யும். நண்பர் ஒருவரிடம் இந்த ஸ்டிக் இருந்தால் இரவல் வாங்கி முயற்சி செய்யலாம். ஒரு கேச்சுக்காகப் புதிதாக வாங்குவது என் பார்வையில் வீண் செலவு.

எந்த வழியில் போனாலும் ஒன்றை மறக்காதீர்கள். பீக்கனின் எல்லை 10 மீட்டர்தான். அடர்ந்த மரமும் ஈரமும் இருந்தால் இன்னும் குறையும். பேட்டரியை நீடிக்கச் செய்வதற்காக அது விட்டு விட்டுத்தான் பேசும். சரியான கருவி இருந்தாலும் ஓர் இடத்தில் சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும். எதுவும் வரவில்லையென்றால் பேட்டரி தீர்ந்திருக்கலாம். அதற்காகச் செடிகொடிகளை மிதித்துத் துவம்சம் செய்ய வேண்டாம்.

பாதுகாப்பும் முக்கியம்

தெரியாத இடத்தில், தெரியாத ஒருவர் வைத்த வயர்லெஸ் கருவியோடு நம் போனைப் பேச வைக்கிறோம். ஆகவே கொஞ்சம் எச்சரிக்கை தேவை. நெட்வொர்க் பெயரைப் படிப்பது வேறு, அந்த நெட்வொர்க்கில் இணைவது வேறு. பெயரைப் பட்டியலில் படிப்பதால் ஆபத்து ஏதும் இல்லை. இணைந்த பிறகு உங்கள் மெயில் பாஸ்வேர்டு, பேங்க் விவரம் எதையும் டைப் செய்யாதீர்கள். பீக்கனோ ஒட்டுப்படமோ ஓர் இணைய முகவரியைத் திறந்து, ஏதாவது ஒரு ஃபைலை இன்ஸ்டால் செய்யச் சொன்னால் அதோடு நிறுத்திவிடுங்கள். ஒரு டப்பாவைக் கண்டுபிடிப்பதற்காக முன்பின் தெரியாத சாப்ட்வேரைப் போனுக்குள் விடத் தேவையில்லை.

வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

தேடுபவர் இத்தனை வழிகளில் சிரமப்படுவதைவிட, வைப்பவர் ஐந்து நிமிடம் செலவழித்தால் பிரச்சினையே இருக்காது. பீக்கன் வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே இரண்டாவது வழி ஒன்றையும் வைக்க வேண்டும். அடுத்த இடத்துக்கான எண்களை ஒரு புதிராகக் கேச்சின் பக்கத்திலேயே கொடுக்கலாம். அங்கே இருக்கும் அறிவிப்புப் பலகையில் உள்ள எண்களைக் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். பீக்கன் வைத்திருப்பவருக்கு விடை உடனே கிடைக்கும். இல்லாதவர் அரைமணி நேரம் மூளையைக் கசக்கிக் கண்டுபிடிப்பார். யாரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

இதில் வைப்பவருக்கும் லாபம் உண்டு. கேச் என்பது பல ஆண்டுகள் இருக்க வேண்டிய பொருள். 2000 மே மாதத்தில் கன்சாஸ் மாநிலத்தில் வைக்கப்பட்ட மிங்கோ என்ற கேச்சை 20 ஆண்டுகள் கழித்தும் ஆட்கள் தேடிப் போனார்கள். ஒரு டப்பாவுக்கும் நோட்டுக்கும் அத்தனை ஆயுள். பட்டன் பேட்டரிக்கு ஓர் ஆண்டுதான். பேட்டரியையாவது மாற்றிவிடலாம். தொழில்நுட்பமே ஓய்வு பெற்றுவிட்டால் என்ன செய்வது? ஆன்ட் பிளஸ் உறுப்பினர் திட்டமும், கருவிகளுக்குச் சான்றிதழ் தரும் திட்டமும் 2025 ஜூன் 30-ம் தேதியோடு நிறுத்தப்பட்டுவிட்டன. ஏற்கெனவே வாங்கியவை ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் புதிதாக வருபவர்களின் கையில் அதைப் படிக்கும் கருவி இருக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு குறையத்தான் செய்யும்.

அப்படியானால் திறந்த முறையைப் பயன்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா? அதற்கும் உத்தரவாதம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கூகுள் நிறுவனம் 2015-ல் எடிஸ்டோன் என்ற புளூடூத் பீக்கன் முறையை, யாரும் பயன்படுத்தலாம் என்று முழு விவரத்தோடு வெளியிட்டது. அருகில் வந்ததும் ஆன்ட்ராய்டு போனில் தானாகவே அறிவிப்பு தோன்றும் வசதியையும் கொடுத்தது. 2018 டிசம்பரில் அந்த அறிவிப்பு வசதியை நிறுத்திவிட்டது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. எடிஸ்டோன் மூட்டையை எப்படிப் பிரிப்பது என்பது எழுத்தில் இருப்பதால், கூகுள் கைவிட்ட பிறகும் சாதாரண புளூடூத் ஸ்கேனர் ஆப் ஒன்றை வைத்து அதைப் படிக்க முடிகிறது. சுகம் குறைந்தது, பேச்சு நிற்கவில்லை. திறந்த முறையின் பலன் இதுதான். அதை உருவாக்கியவர் போய்விட்டாலும் மற்றவர்கள் தொடரலாம்.

உங்கள் வீட்டு மேஜைக்கு வருவோம்

ஜியோகேச்சிங் பக்கமே போகாதவர்களும் இதே பிரச்சினையை வீட்டில் சந்திப்பார்கள். வயர்லெஸ் கீபோர்டு, மவுஸ் வாங்கும்போது அதோடு நகம் அளவுக்கு ஒரு யுஎஸ்பி ரிசீவர் கொடுப்பார்கள். பல மாடல்களில் அந்தக் கீபோர்டு அந்த ரிசீவரோடு மட்டும்தான் பேசும். ரிசீவர் தொலைந்தால், பேட்டரி புதிதாக இருந்தாலும், கீபோர்டு நன்றாக இருந்தாலும் அது வெறும் பிளாஸ்டிக் பலகைதான். புளூடூத் கீபோர்டாக இருந்தால் இந்தக் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் வேறு கம்ப்யூட்டரில், டேப்லெட்டில், போனில் இணைத்துக்கொள்ளலாம். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். இரண்டின் பெட்டியிலும் வயர்லெஸ் என்றுதான் அச்சடித்திருக்கும்.

தனி ரிசீவருக்கும் நன்மை இல்லாமல் இல்லை. செருகியதும் வேலை செய்யும், விண்டோஸ் வருவதற்கு முன்பே பயாஸ் திரையிலும் கீபோர்டு ஓடும், இணைக்கும் வேலை இருக்காது. அதற்காக வாங்குவதானால் தெரிந்து வாங்குங்கள். தெரியாமல் வாங்கிவிட்டுப் பிறகு ஊமையைத் திட்டிப் பயன் இல்லை.

ஆகவே கடையில் எந்த வயர்லெஸ் பொருளை எடுத்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலாவது, இது எந்த முறையில் பேசுகிறது: புளூடூத்தா, வை-ஃபையா, கம்பெனியின் சொந்த முறையா? இரண்டாவது, வேறு கம்பெனிக் கருவி இதனோடு பேசுமா? மூன்றாவது, கூட வந்த ரிசீவரோ ஆப்போ இல்லாமல் போனால் இது எதற்காவது பயன்படுமா? விற்பவருக்குப் பதில் தெரியவில்லையென்றால் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். புளூடூத், வை-ஃபை முத்திரைகள் இருந்தால் அங்கே இருக்கும். வெறுமனே '2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் அது சொந்த முறையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் வேகம், மெமரி, ஹார்ட் டிஸ்க் அளவு பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இந்தக் கருவி யாரோடெல்லாம் பேசும் என்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. வேகமான கருவி மூன்று ஆண்டில் பழசாகிவிடும். பலரோடும் பேசத் தெரிந்த கருவி, பழசான பிறகும் வீட்டில் யாருக்காவது உதவிக்கொண்டிருக்கும். அடுத்த முறை பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன்னால் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்.